செவ்வாய்க்கிழமை எடை

மணி இன்னும் ஏழு ஆகவில்லை. அதற்குள் அக்கா நான்கு தடவை எடை பார்த்துவிட்டாள். எழுந்ததும் ஒரு தடவை. கழிப்பறைக்குப் போய்வந்து ஒரு தடவை. குளித்துத் தலையைத் துவட்டியபின் ஒரு தடவை. ஈர முடியே கால் கிலோ இருக்குமோ என்ற சந்தேகத்தில், மின்விசிறிக்குக் கீழே நின்று காயவைத்துக்கொண்டு இன்னொரு தடவை. நான்கு தடவையும் நான்கு எண்கள். கடைசியாக வந்தது 76.4. முதலில் வந்ததைவிட இருநூறு கிராம் கூட.

எதுவும் சாப்பிடவில்லை, குடிக்கவில்லை, முடியும் காய்ந்துவிட்டது. பிறகு எங்கிருந்து வந்தது இந்த இருநூறு கிராம்? குனிந்து எடை எந்திரத்தைத் தூக்கி, தரையில் பக்கத்துக் கல்லில் வைத்து ஏறினாள். 76.1. அதற்கடுத்த கல்லில் வைத்தாள். 76.6.

"அக்கா, முடிஞ்சுதா? எனக்கு வேணும்" என்று தம்பி நடையின் கோடியில் நின்று கேட்டான்.

"இரு மச்சான், அவசரப்படாத" என்றார் சமையலறையிலிருந்து அக்காவின் கணவர். பேருந்து ஓட்டுநர், எட்டு மணிக்கு வண்டி எடுக்க வேண்டியவர், நின்றுகொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தார். "எந்தக் கல்லுல குறைச்சலா காட்டுதுன்னு பார்த்து, அந்தக் கல்லுலயே குடியேறப் போறா உங்க அக்கா. உன்னை விட, என்னை விட, அந்த மெஷின்தான் நல்லா இளைச்சிருக்கு. மிதி வாங்கி வாங்கி."

அக்கா சிரிக்கவில்லை. எந்திரத்தைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு விலகி நின்றாள். தம்பி ஏறினான். ஒரே தடவை. 62.9. சுவரில் தொங்கிய நாட்காட்டியில் அன்றைய கட்டத்துக்குள் எழுதினான். "தொள்ளாயிரம் கிராம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விட்டான். அவ்வளவுதான் அவன் வேலை.

உண்மையில் அந்த எந்திரமே அவனுக்காக வாங்கியது. லிப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு இரண்டு வருடங்களுக்கு முன் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள், திங்கள் புதன் வெள்ளி, டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீர் அவன் உடம்பைவிட்டு வெளியே போகாது. எடையாக உள்ளேயே தங்கும். தொள்ளாயிரம் கிராம் ஏறினால் ஏறக்குறைய தொள்ளாயிரம் மில்லி தங்கியிருக்கிறது என்று கணக்கு. அதனால் அவன் தினமும் எடை பார்த்தே ஆகவேண்டும். குடிப்பதற்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் பாட்டில் ஒன்று. அதில் பேனாவால் ஐந்து கோடுகள். ஒரு வேளைக்கு ஒரு கோடு.

அக்கா தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுப்பதென்று முடிவாகி ஐந்து மாதங்கள் ஆகின்றன. ரத்தம் ஒத்துப்போயிற்று, மற்ற பரிசோதனைகளும் ஒத்துப்போயின. ஒத்துப்போகாதது எடை ஒன்றுதான். எண்பத்து நான்கு இருந்தாள். "ஒத்தைக் கிட்னியோட நீங்க முப்பது நாப்பது வருஷம் ஓட்டணும். எழுபத்தஞ்சுக்கு வாங்க, தேதி குறிச்சுடலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐந்து மாதமாகச் சோற்றைக் குறைத்து, இனிப்பை விட்டு, காலையும் மாலையும் நடந்து, எழுபத்தாறு வரை வந்து நின்றுவிட்டது. மூன்று வாரமாக அசையவே இல்லை. அடுத்த வியாழக்கிழமை பரிசோதனைக்கு வரச்சொல்லியிருந்தார்கள். ஒன்பது நாள்.

அதற்குமேல் தள்ளிப்போட முடியாது. டயாலிசிஸுக்கு ஊசி குத்தும் கை நரம்பு தம்பிக்கு இரண்டு முறை அடைத்துக்கொண்டது. இப்போது கழுத்தில் ஒரு குழாய். அதை அதிக நாள் நம்ப முடியாது என்று சொல்லியிருந்தார்கள். எத்தனை நாள் என்று தம்பியும் கேட்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

தானம் கொடுப்பவர்களைக் கவனிக்கும் நர்ஸ் முதல் நாளே சொல்லியிருந்தாள்: "வாரத்துக்கு ஒரு தரம் எடை பாருங்க, போதும். ஒரே கிழமை, ஒரே நேரம், அதே மாதிரி துணி. தினம் பார்க்கிறவங்களும் இருக்காங்க, தப்பில்ல. ஆனா அன்னன்னைக்கு வர்ற நம்பரைப் பார்த்துச் சந்தோஷமும் படக்கூடாது, துக்கமும் படக்கூடாது. உங்களைப் பார்த்தா அப்படி விட்டுடற ஆளாத் தெரியல. அதனால வாரத்துக்கு ஒண்ணு."

நர்ஸ் ஆளைச் சரியாகத்தான் எடை போட்டிருந்தாள். அக்காவுக்குப் பார்சல் அலுவலகத்தில் வேலை. பத்தொன்பது வருடமாக அவள் முன்னால் ஒரு தராசு இருக்கிறது. "இது ரெண்டு கிலோதாம்மா, வீட்டுல பார்த்துட்டுத்தான் வந்தேன்" என்று வாதாட வருகிறவர்களிடம், "நான் சொல்லலை சார், மெஷின் சொல்லுது" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும். மனிதர்கள் கூட்டியும் குறைத்தும் சொல்வார்கள். எந்திரத்துக்கு அந்தப் புத்தி கிடையாது என்பதைச் சந்தேகப்பட வேண்டிய தேவை அவளுக்கு இத்தனை வருடத்தில் வந்ததில்லை. இப்போது அதே எந்திரம் ஒரே காலையில் நான்கு விதமாகப் பேசியது. அதற்கும் அவள் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள்.

அலுவலகத்தின் பின்பக்கம் பெரிய பெட்டிகளுக்கான மேடைத் தராசு இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னும் பின்னும், கூட்டம் குறைந்தபோதும், அடுக்கியிருந்த பெட்டிகளின் மறைவில் போய் ஏறினாள். அன்று மாலையும் அப்படி ஏறி நின்றபோது, பொட்டலம் கட்டுகிறவன் பார்த்துவிட்டான். மணிக்கட்டில் எப்போதும் ஒட்டுநாடாச் சுருள் வளையல் மாதிரித் தொங்குவதால் எல்லாருக்கும் அவன் டேப்பு.

"எந்த ஊருக்குக்கா அனுப்பணும்?" என்றான். "உடையிற பொருள்னு சீட்டு ஒட்டவா?"

"போடா வேலையைப் பார்த்துக்கிட்டு."

"காலையில ஒரு தரம், சாப்பாட்டுக்கு முன்ன ஒரு தரம், இப்ப ஒரு தரம். பார்சல்கூட ஒரு தடவைதான் ஏறுது."

77.3 என்று காட்டியது. காலையைவிட ஏறக்குறைய ஒரு கிலோ கூட. மாலையில் கூடத்தான் காட்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தது ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்து என்ன? மதியம் தின்ற ஒரு முட்டையும் கொஞ்சம் காயும் பெரிய குற்றம்போல் உள்ளே கிடந்தன. இரவில் சாப்பிடாமல் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை தம்பியைக் கூட்டிவர மருத்துவமனைக்குப் போனாள். உள்ளே போகும்போது 64.8 இருந்தவன், நான்கு மணி நேரம் கழித்து 62-ஆக வெளியே வந்தான். டயாலிசிஸ் பிரிவு நர்ஸ் இரண்டு எண்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினாள். அக்கா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு மணி நேரத்தில் இரண்டே முக்கால் கிலோ. அவள் ஐந்து மாதம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, இந்த ஒரு கிலோவைத் தாண்ட முடியாமல் நிற்கிறாள்.

அதில் போனது என்னவென்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அந்த இரண்டு எண்களும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

சனிக்கிழமை காலை 76.5. ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு அரை லிட்டர் பாட்டிலைக் கழுவி, பேனாவால் ஐந்து கோடுகள் போட்டு, வேலைக்கு எடுத்துப்போகும் பையின் அடியில் வைத்துக்கொண்டாள். தம்பிக்கு விதித்தது எதுவோ அதுவே எனக்கும். அவன் இரண்டு வருடம் இருக்கிறான். நான் நான்கு நாள் இருக்கமாட்டேனா? அப்படி நினைத்தபோது மனத்தில் ஒருவித நிம்மதிகூட வந்தது.

திங்கட்கிழமை 75.7. செவ்வாய் 75.3. மூன்று வாரமாக அசையாத கதவு தானாகத் திறந்ததுபோல் இருந்தது. தலை வலித்தது. மாடிப்படி ஏறினால் கண் இருட்டியது. சிறுநீர் கொஞ்சமாக, அடர்ந்த நிறத்தில் போயிற்று. ஒவ்வொரு தடவை போய்வந்ததும் எடை பார்த்தாள். புதன் 74.9. வியாழன் காலை 74.6.

மருத்துவமனையில் நர்ஸ் எண்ணைப் பார்த்துவிட்டு அக்காவின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "சாதிச்சுட்டீங்களே! ஒரே வாரத்துல ரெண்டு கிலோவா?" அந்தக் கேள்வி கேள்வியாக வரவில்லை, அக்காவும் அதற்குப் பதில் சொல்லவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே தம்பி எழுந்து நின்றிருந்தான். அவள் விரல்களால் எண்ணைக் காட்டினாள். வாயைப் பொத்திக்கொண்டு அவன் மறுபடி உட்கார்ந்துவிட்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று இங்கிருந்து தெரியவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். சிறுநீர் கேட்டார்கள், ரொம்ப நேரம் முயன்று கொஞ்சம் கொடுத்தாள். அதற்குப் பிறகும் அவள் தண்ணீர் குடிக்கவில்லை. மறுபடி எடை பார்க்கச் சொன்னால் என்ன செய்வது?

பன்னிரண்டு மணிக்கு டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"கிரியேட்டினின் கூடியிருக்கு" என்றார். கிட்னி எவ்வளவு ஒழுங்காகக் கழிவை வெளியேற்றுகிறது என்பதைச் சொல்கிற எண் அது. "போன மாசம் பாயிண்ட் எட்டு. இன்னிக்கு ஒண்ணு புள்ளி மூணு. ஏதாவது மாத்திரை எடுத்தீங்களா?"

"இல்ல டாக்டர்."

"தண்ணி நல்லாக் குடிக்கிறீங்களா?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் 74.6 பொய்யாகிவிடும். வெளியே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தவனிடம் போய், அது எடையல்ல, வெறும் தண்ணீர் என்று சொல்லவேண்டிவரும்.

"குடிக்கிறேன்" என்றாள்.

டாக்டர் பேனாவின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். "அப்படின்னா வேற காரணம் தேடணும். இந்த எண்ணோட உங்ககிட்டேர்ந்து கிட்னி எடுக்க முடியாது." குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் சொல்லணும். தானம் கொடுக்கறவங்க எல்லார்கிட்டயும் தனியாச் சொல்றதுதான். உங்களுக்கு மனசில்லேன்னா இங்கயே சொல்லிடுங்க. பரிசோதனையில ஒத்துவரலன்னு ஒரு வரி எழுதிடுவோம். உங்க தம்பிக்கும் அவ்வளவுதான் தெரியும். வேற யாருக்கும் எப்பவும் தெரியாது."

அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் திடுக்கிட வைத்தது டாக்டர் சொன்னதல்ல. அதைக் கேட்டதும் தன் உடம்பில், தோள்களில், சட்டென்று பரவிய லேசான தன்மை. தலையில் இருக்கும் மூட்டையை யாரோ ஒரு விரற்கடை தூக்கிப்பிடித்தால் இருக்குமே, அப்படி. இவ்வளவு நாள் அது அங்கே இருந்ததே அவளுக்குத் தெரியாது.

"யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் தம்பியிடம் மறுபடியும் பார்க்கவேண்டும் என்று சொன்னாள், ரத்தத்தில் என்னமோ கூடியிருக்கிறது என்றாள், அவன் தலையாட்டிக்கொண்டான். கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது, நாக்கு மேலண்ணத்திலிருந்து 'டக்'கென்ற ஒலியோடு பிரிந்தது.

தம்பி தலையைத் தூக்கினான். டயாலிசிஸுக்கு நடுவே இரண்டு நாள் இடைவெளி விழும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில், வறண்ட தன் வாயிலிருந்தே வருகிற ஒலி அது.

"அக்கா, இன்னிக்கு எத்தனை கிளாஸ் தண்ணி குடிச்சே?"

"குடிச்சேன்."

"எத்தனைன்னு கேட்டேன்."

"எண்ணிக்கிட்டா குடிப்பாங்க?"

"நான் எண்ணிக்கிட்டுத்தான் குடிக்கிறேன். வாயைத் திற, நாக்கைப் பார்க்கணும்."

"ஏன்டா, பல்லைப் பிடிச்சுப் பார்க்க நான் என்ன சந்தைக்கு வந்த மாடா?"

அவன் எழுந்துபோய் அவளுடைய பையைக் கவிழ்த்தான். சாவிக்கொத்தும் சீப்பும் விழுந்தன. கடைசியாகப் பாட்டில் விழுந்து உருண்டது. ஐந்து கோடுகள். முதல் கோட்டுக்குக்கூடத் தண்ணீர் இறங்கவில்லை. அதை எடுத்து, மேஜைமேலிருந்த தன் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டும் அப்படியே ஒன்றுபோல இருந்தன.

"எத்தனை நாளா?"

"ஞாயித்துக்கிழமையிலேர்ந்து."

"இது எனக்கு விதிச்சது. உனக்கு எதுக்கு?"

"எடை இறங்குச்சுடா."

"எடையா இறங்குச்சு? தண்ணி இறங்குச்சு! வெள்ளிக்கு வெள்ளி என்கிட்டேர்ந்து மூணு கிலோ உருவறாங்களே, நான் என்ன ஒவ்வொரு வாரமும் இளைச்சா வரேன்? ஊருக்குப் போனவன் மாதிரி ரெண்டு நாள்ல அவ்வளவும் திரும்பி வந்துடுதே, நீதானே பக்கத்துல நின்னு பார்க்கறே?" அவன் குரல் உடைந்தது. "உனக்கு ஓடற கிட்னிடி அது. அதைப் போயி பட்டினி போட்டிருக்கே."

கோபம் வந்தால் மட்டும்தான் அவன் அவளை 'டி' போடுவான். அவன் உட்கார்ந்தான். பேசியதில் மூச்சு வாங்கியது. கழுத்துக் குழாயின்மேல் ஒட்டியிருந்த துணி ஏறியிறங்கியது.

மூச்சு நிதானமானதும், வேறு யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டான். "அஞ்சு மாசமா ஒரு நாளைக்கு எட்டுத் தரம் அந்த மெஷின்மேல ஏறி இறங்கறே. குறைஞ்சுதான்னு பார்க்கறியா, இல்ல இன்னும் குறையலன்னு பார்த்துக்கறியா?"

அவளால் பதில் சொல்ல முடியவில்லை. குறையணும்னுதான் பார்த்தேன் என்று சத்தியம் பண்ணலாம், அவனும் நம்புவான். ஆனால் டாக்டரின் அறையில் தோள்கள் லேசானதை அவளால் இல்லையென்று சொல்ல முடியாது. எண் இறங்கும் காலைகளில் மகிழ்ச்சிக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. எண் ஏறும் மாலைகளில் பயத்துக்கு அடியிலும் இன்னொன்று இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அவள் துணிந்ததில்லை. மறுபடி மறுபடி ஏறி நின்றால் அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டியதில்லை. எண் வந்து பதில் சொல்லிவிடும். நான் சொல்லலை, மெஷின் சொல்லுது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வண்டியை விட்டுவிட்டு வந்த கணவர், மேஜைமேல் இருந்த இரண்டு பாட்டில்களையும் பார்த்தார், இரண்டு முகங்களையும் பார்த்தார். உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீரும் டம்ளரும் கொண்டுவந்து அக்காவின் முன்னால் வைத்தார். "சண்டையை அப்புறம் போட்டுக்கலாம். முதல்ல குடி."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அன்றைக்கு அவனுக்கு மிச்சமிருந்தது இரண்டு கோடுகள்தான். நாள் முழுக்கத் தாகத்தில் இருப்பவன் முன்னால் எப்படிக் குடிப்பது?

"என்னைப் பார்க்காத, குடி" என்றான் தம்பி.

குடித்தாள். ஒரு டம்ளர், இரண்டு, மூன்று. தொண்டையில் தண்ணீர் இறங்குகிற ஓசை அந்தக் கூடத்தில் பெரிதாகக் கேட்டது. அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், கடைசிச் சொட்டுவரை பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை நர்ஸுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள். "டாக்டருக்கு அந்தச் சந்தேகம்தான். ஆனா அந்தம்மாவே குடிச்சேன்னு சொல்றாங்களேன்னு தலையைப் பிச்சுக்கிட்டாரு" என்றாள் நர்ஸ். திட்டினாள், நன்றாகவே திட்டினாள். அதற்குப் பிறகு டாக்டரிடம் கேட்டுவிட்டு, தம்பியின் கழுத்துக் குழாய் இப்போதைக்குத் தாங்குகிறது என்று சொல்லி, ஐந்து வாரம் கொடுத்தாள். நாளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். எடை செவ்வாய்க்கிழமை மட்டும், எழுந்து கழிப்பறை போய்வந்தபின், ஒரு தடவை. வேறு நாளில் கால் வைக்கக்கூடாது. "அஞ்சே நம்பர் கொண்டுவாங்க. அஞ்சும் உண்மையா இருக்கணும்."

எந்திரத்தைப் பூட்டி வைத்துவிடலாம் என்றார் கணவர். பூட்ட முடியாது, தம்பிக்கு அது தினமும் வேண்டும். ஆக, ஒவ்வொரு காலையும் அது நடையில் அதே இடத்தில் கிடந்தது. தம்பி ஏறி, எழுதி, இறங்கினான். அவள் அதைத் தாண்டிக் குளிக்கப்போனாள். காலடியில் அது இருக்கிறது என்பதை உள்ளங்கால்கூட உணர்ந்தது.

முதல் செவ்வாய் 76.9. போன தண்ணீர் அவ்வளவும் திரும்பி வந்திருந்தது. அடுத்த ஏழு நாளும் அந்த எண் ஒன்றைத்தான் கட்டிக்கொண்டு அழவேண்டும்; சரிபார்க்க வேறு எண் கிடையாது. வேறு வழியில்லாததால் நடந்தாள், அளவாகச் சாப்பிட்டாள், தண்ணீர் குடித்தாள், தூங்கினாள். இரண்டாம் செவ்வாய் 76.3. மூன்றாவது 76.4.

நூறு கிராம் ஏறியிருந்தது. மறுநாள் அலுவலகத்தில் பெட்டிகளின் மறைவுக்குப் போய், மேடைத் தராசின்மேல் ஒரு காலை வைத்துவிட்டாள்.

"அக்கா" என்றான் டேப்பு. நாடாவைக் கிழித்துக்கொண்டே, தலைநிமிராமல். "இன்னிக்குப் புதன்கிழமை."

"தெரியும்டா." செவ்வாய்க்கிழமைக் கணக்கை அவனிடம் சொல்லி வைத்ததே அவள்தான்.

"தெரிஞ்சுக்கிட்டே ஒரு காலை வைக்கிறதுன்னா, பாதி பார்சலா?"

காலை எடுத்துவிட்டாள். அந்த நூறு கிராமோடு ஆறு நாள் குடித்தனம் நடத்தினாள். அந்த ஆறு நாளில்தான், ஏறி நிற்க எதுவும் இல்லாமல் போனதில், தள்ளிவைத்த கேள்வி எதிரே வந்து உட்கார்ந்தது. பயமா? பயம்தான். அறுத்த உடம்போடு எழுந்திருப்பேனா என்ற பயம். கொடுத்தும் அவனுக்கு அது ஓடாமல் போனால் என்ற பயம். நடக்கும்போது, பார்சல் சீட்டு எழுதும்போது, காய் நறுக்கும்போது, கூடவே இருந்தது. அதை அவள் விரட்டவில்லை. விரட்ட எண்கூடக் கையில் இல்லை.

நான்காவது செவ்வாய் 75.8. ஐந்தாவது 75.1.

வியாழக்கிழமை மருத்துவமனை நடையில், எடைக்குக் கூப்பிடக் காத்திருந்தபோது, கையில் முழு பாட்டில் தண்ணீர் இருந்தது. காலையிலிருந்து ஒரு டம்ளர்தான் உள்ளே போயிருந்தது. இப்போது அரை லிட்டர் குடித்தால் அரை கிலோ ஏறும். ரத்தம் எடுப்பது எடைக்குப் பிறகுதான். எடை பார்த்துவிட்டு உடனே குடித்தால் என்ன என்று உள்ளே ஒரு குரல் நியாயம் பேசியது. அந்தக் குரலை அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மூடியைத் திறந்து, நின்ற இடத்திலேயே முழுவதையும் குடித்து முடித்தாள்.

75.5. நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு டாக்டரின் அறை. கதவு சாத்தியிருந்தது. அவர் ரத்தப் பரிசோதனைத் தாளை முதலில் எடுத்தார். "பாயிண்ட் எட்டு" என்றார். பிறகு ஐந்து செவ்வாய்க்கிழமைகள் எழுதியிருந்த சிறிய சீட்டை எடுத்து, விரலை ஒவ்வொரு எண்ணாகக் கீழே இறக்கினார். மூன்றாவது எண்ணில் விரல் நின்றது. "இங்க ஏறியிருக்கு. இதைப் பார்த்ததும் என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலை. அடுத்த செவ்வாய் வரைக்கும் இருந்தேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இன்னிக்கு எழுபத்தஞ்சரை. அந்த அரையைப் பத்தி எனக்குக் கவலையில்ல. அஞ்சு வாரமா எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியுது." தாள்களை அடுக்கிவைத்தார். "போன தடவை தனியா ஒண்ணு சொன்னேன். அது இப்பவும் அப்படியே இருக்கு."

தோள்கள் லேசாகின்றனவா என்று அவள் காத்திருந்து பார்த்தாள். கொஞ்சம் லேசாகத்தான் செய்தன. அதை மறைக்க இன்று அவளிடம் எதுவும் இல்லை.

"பயமா இருக்கு டாக்டர்" என்றாள். "கொடுக்கறேன்."

வெளியே பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "பதினெட்டாம் தேதி" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். எதிர்ச் சுவரோரம் ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டே போய்த் திருப்பத்தில் மறைந்தாள்.

"போன தடவை டாக்டர் ஒண்ணு சொன்னாரு" என்று ஆரம்பித்து, அந்த ஒரு வரியைப் பற்றிச் சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்று தான் பதில் சொன்னதையும் சொன்னாள். இன்று மறுபடி கேட்டதையும் சொன்னாள்.

"எதுக்கு என்கிட்ட சொல்றே?"

"அன்னிக்கு நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லலையே."

அவன் கழுத்துத் துணியின் ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டிக்கொண்டான். "பதினெட்டுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. நடுவுல மனசு மாறலாம். மாறினா அவர்கிட்ட போகாத. என்கிட்ட வா."

"வந்தா திட்டுவியே."

"திட்டுவேன். நாலு நாள் பேசவும் மாட்டேன். அது போயிடும். ஒத்துவரலன்னு பொய்யா ஒரு வரி எழுதி வாங்கிட்டு வந்தேன்னு வை, அதை நம்பிக்கிட்டே உன் கையால சாப்பிட்டுக்கிட்டு இருப்பேன் பாரு. அது வேண்டாம்."

மாறாது என்ற சொல் அவள் வாய்வரை வந்தது. அதைச் சொல்லவில்லை.

"சொல்றேன்டா" என்றாள்.

அவன் எழுந்து நின்று அவளுக்காகக் காத்திருந்தான்.